ஃபயர்ஸ்ரோர்ம் ஃபோட்டோ டூல்ஸ்: கமெரா திறம், பெயர்ப்பலகைதான் பிழை

செக்கண்ட் லைஃப் என்ற மெய்நிகர் உலகில் எடுத்த அவதார் முகப்படங்களில் ஒரே குறையைத் திரும்பத் திரும்பக் காணலாம். மூக்கு முன்னுக்குத் துருத்தி நிற்கும், காது பின்னுக்குப் போய்விடும், நெற்றி வீங்கி நாடி ஒடுங்கியிருக்கும். உடனே தலையை மாற்றுவார்கள், பிறகு தோலை மாற்றுவார்கள், அந்த உலகின் நாணயமான லிண்டன் டொலர் கரையும், படம் அப்படியே இருக்கும். கோளாறு தலையில் இல்லை. லென்ஸில்.

ஃபயர்ஸ்ரோர்ம் இலவச வியூவர், அதாவது அந்த உலகுக்குள் நுழைந்து பார்க்கக் கணினியில் போடும் மென்பொருள். செக்கண்ட் லைஃபை நடத்தும் லிண்டன் லாபின் சொந்த வியூவருக்குப் பதிலாகப் பலர் இதைத்தான் போட்டு வைத்திருக்கிறார்கள். படம் எடுக்கிறவர்களுக்கு இதன் பெரிய கவர்ச்சி ஃபோட்டோ டூல்ஸ் பலகை. ஆல்ட்டோடு பி அழுத்தினால் திறக்கும். வெளிச்சம், நிழல், மங்கல், கமெரா எல்லாம் ஓரிடத்தில். இங்கே பார்க்கப்போவது அதிலுள்ள பார்வைக்கோணத்தை மட்டும், ஏனென்றால் படத்தை ஆக்குவதும் கெடுப்பதும் பெரும்பாலும் அதுதான்.

முதலில் குறையைச் சொல்லிவிடுவோம். அந்தப் பலகையில் 'வியூ ஆங்கிள்' என்று ஒரு சறுக்கி, 'ஃபீல்ட் ஒஃப் வியூ' என்று இன்னொன்று. பெயரைப் பார்த்தால் இரண்டாவதுதான் லென்ஸ் என்று யாரும் நினைப்பார்கள். அதை இந்தப் பக்கம் அந்தப் பக்கம் இழுத்தால் காட்சி அரை அங்குலமும் அசையாது. மங்கல் போடாமல் இருந்தால் ஒன்றுமே நடக்காது. உண்மையான லென்ஸ் 'வியூ ஆங்கிள்'. மற்றது பின்னணி மங்கலுக்கான கணக்கில் மட்டும் வருகிற எண். இரண்டையும் ஒரே பலகையில் வைத்து, ஒன்றை ஆரையனிலும் மற்றதைப் பாகையிலும் கொடுத்தவர்களுக்குப் படம் எடுக்கிறவர்கள் மேல் என்ன கோபமோ தெரியாது.

வியூ ஆங்கிளின் தொடக்க எண் 1.047. உயர்தரத்தில் கணிதம் படித்தவர்களுக்கு உடனே பிடிபடும்: பையின் (π) மூன்றில் ஒரு பங்கு, அதாவது 60 பாகை. இது நிலைக்குத்துக் கோணம், திரையின் மேல் விளிம்பிலிருந்து கீழ் விளிம்பு வரை. 16க்கு 9 திரையில் கிடைக்கோணம் ஏறத்தாழ 91 பாகைக்கு வந்துவிடும். முழுச்சட்டக் (ஃபுல் ஃப்ரேம்) கமெராவில் இதற்கு ஈடான லென்ஸ் 21 மி.மீ. கைப்பேசியின் பிரதான கமெராவே 24 முதல் 26 மி.மீ. அளவில்தான் இருக்கும். அதையும் விட அகலமான லென்ஸை வைத்துக்கொண்டு முகத்துக்குக் கிட்டப் போனால் மூக்கு என்ன செய்யும்? கலியாண வீட்டில் எந்த ஸ்ரூடியோக்காரரும் பொம்பிளையின் முகத்தை 21இல் எடுக்கமாட்டார். 85ஐ மாட்டிக்கொண்டு பின்னுக்குப் போவார்.

கணக்கு இதுதான்: 12ஐ (முழுச்சட்டச் சென்சரின் உயரமான 24 மி.மீ.யில் பாதி) லென்ஸின் மி.மீ. எண்ணால் வகுத்து, அதன் தலைகீழ் தாஞ்சன் கண்டு, இரண்டால் பெருக்க வேண்டும். விடையை ஆரையனில் எடுத்தால் அப்படியே பெட்டிக்குள் போடலாம். மினக்கெட விருப்பமில்லாதவர்கள் இந்த எண்களைத் தாளில் எழுதித் திரைக்குப் பக்கத்தில் ஒட்டி வைத்தால் காணும்: 24 மி.மீ.க்கு 0.927, 28க்கு 0.81, 35க்கு 0.66, 50க்கு 0.471, 85க்கு 0.28, 135க்கு 0.177. ஃபோட்டோ டூல்ஸ் மி.மீ. எண்ணைக் காட்டாது. காட்டியிருந்தால் இந்த மதிப்புரையில் பாதி தேவைப்பட்டிராது.

பலகையைத் திறக்காமலும் லென்ஸை மாற்றலாம். கொன்ட்ரோலோடு 0 அழுத்தினால் கோணம் ஒடுங்கும், 8 அழுத்தினால் விரியும், 9 அழுத்தினால் 60 பாகைக்குத் திரும்பும். கெதியாக ஒரு படம் எடுக்க இது நல்லது. ஆனால் எந்த எண்ணில் நிற்கிறது என்று கண்ணால் தெரியாது. ஒரே வரிசையில் நாலைந்து படம் ஒரே லென்ஸில் வேண்டுமென்றால் எண்ணைத் தட்டிப் போடுவதே சரி. லிண்டன் லாபின் வியூவரில் இந்தப் பலகை இல்லை. அங்கே டிபக் செற்றிங்ஸில் 'கமெரா ஆங்கிள்' என்ற பெயரில் இதே எண் இருக்கிறது, இரண்டு சொல்லையும் சேர்த்து எழுதித் தேட வேண்டும்.

கோணத்தை ஒடுக்குவதும் கிட்டப் போவதும் ஒன்றல்ல என்பது வடிவாக விளங்க வேண்டும். மௌஸின் சக்கரமும், ஆல்ட்டைப் பிடித்துக்கொண்டு மௌஸை இழுப்பதும் கமெராவை நகர்த்தும். கொன்ட்ரோல் 0 கமெராவை நகர்த்தாது, லென்ஸை மாற்றும். முகத்தின் வடிவத்தைத் தீர்மானிப்பது கமெரா நிற்கும் தூரம் மட்டுமே. லென்ஸ் செய்வது, அந்தத் தூரத்தில் நின்றுகொண்டு சட்டத்தை நிரப்ப விடுவது. தலையும் தோளும் அடங்கும் சட்டம், 60 சென்ரிமீற்றர் உயரம் என்று வையுங்கள். 1.047இல் அதை நிரப்ப கமெரா 52 சென்ரிமீற்றர், ஏறத்தாழ அரை மீற்றர், தூரத்தில் நிற்க வேண்டும். 0.28இல் 2.1 மீற்றர். காதுக்கு முன்னால் 12 சென்ரிமீற்றரில் மூக்குநுனி இருந்தால், அரை மீற்றரில் நிற்கும்போது காதோடு ஒப்பிட மூக்கு 23 வீதம் பெருத்துத் தெரியும். 2.1 மீற்றரில் அது 6 வீதத்துக்குள் அடங்கிவிடும். தலை விற்ற கடைக்காரரைத் திட்ட முதல் இந்த 23ஐப் பார்க்க வேண்டும்.

முகப்படத்துக்கு ஒழுங்கு இப்படி. முதலில் அட்வான்ஸ்ட் மெனுவில் கமெராக் கட்டுப்பாடுகளை நிறுத்தும் தெரிவைப் போடுங்கள், இல்லாவிட்டால் கமெரா நினைத்த இடத்துக்குப் போகாது. அந்த மெனுவே தெரியவில்லை என்றால் கொன்ட்ரோல், ஆல்ட், டி மூன்றையும் சேர்த்து அழுத்தினால் வரும். அடுத்து வியூ ஆங்கிளை 0.28 ஆக்குங்கள். காட்சி திடீரென்று பாய்ந்து முகத்தின் ஒரு துண்டு மட்டும் தெரியும், பயப்படத் தேவையில்லை. பிறகு ஆல்ட்டைப் பிடித்து இரு கண்களுக்கும் நடுவே கிளிக் செய்து, சக்கரத்தால் பின்னுக்கு வாருங்கள், தோள் தெரியும் வரை. லென்ஸ் முதல், தூரம் பிறகு. இந்த ஒழுங்கை மாற்றினால் இரண்டு வேலை. முழு உருவத்துக்கு 0.471 காணும், 2 மீற்றர் அவதாரைக் கொஞ்ச இடம் விட்டு அடக்கக் கமெரா 5 மீற்றரில் நிற்கும். 135 மி.மீ.க்கு மேல் போவதில் முகத்துக்குப் பெரிய இலாபம் இல்லை. முகம் தட்டையாகிக் கடவுச்சீட்டுப் படம் மாதிரி வரத் தொடங்கும், கமெராவைத் துளி அசைத்தாலும் காட்சி துள்ளும்.

சேலை கட்டிய அவதார்கள் இரண்டு மூன்று பேரை வரிசையாக நிறுத்தி எடுக்கிற குழுப்படத்தில் இன்னொரு வில்லங்கம். 60 பாகையில், அகலத்திரையின் இடவல விளிம்பில் நிற்பவர் நடுவில் நிற்பவரைவிட அகலமாகத் தெரிவார். அந்த விளிம்பில் ஒரு பந்தை வைத்தால் அதன் அகலம் உயரத்தைப்போல 1.4 மடங்காகிவிடும். 0.471க்கு வந்தால் அதே விளிம்பில் 1.09 மடங்குதான், கண்ணில் படாது.

இனி மங்கல். இந்த வியூவர் மற்றவற்றை விட உயர்ந்து நிற்பதும், ஆட்களைக் குழப்புவதும் இங்கேதான். 'ஃபீல்ட் ஒஃப் வியூ' 60 பாகையும் 'ஃபோகல் லெங்த்' 50 மி.மீ.யும் தொடக்க எண்கள். வியூவர் இவை இரண்டையும் சேர்த்து ஒரு கற்பனைச் சென்சரின் உயரத்தைக் கணிக்கிறது. 60 பாகைக்கும் 50 மி.மீ.க்கும் அது 57.7 மி.மீ. வரும். முழுச்சட்டக் கமெராவின் சென்சர் உயரம் 24 மி.மீ.தான். அதாவது நீங்கள் அறியாமலே மிகப் பெரிய சென்சரோடு படம் எடுத்துக்கொண்டிருக்கிறீர்கள். அதன் பிறகு, வியூ ஆங்கிளில் நீங்கள் வைத்த உண்மைக் கோணத்துக்கு ஏற்ப அந்தச் சென்சரின் குவியத்தூரத்தை அது தானே திரும்பக் கணிக்கிறது. வியூ ஆங்கிள் 0.28 என்றால் மங்கல் கணக்கில் ஓடுவது 205 மி.மீ. லென்ஸ். எஃப் நம்பர் (லென்ஸின் துவார அளவைக் குறிக்கும் எண்; கூடினால் மங்கல் குறையும்) 9இல் இருந்தும் பின்னணி ஏன் கஞ்சியாகக் கரைகிறது என்று கேட்பவர்களுக்கு விடை இதுதான். அந்த 9, முழுச்சட்டத்தில் ஏறத்தாழ 3.7க்குச் சமன்.

திருத்துவது சுலபம். ஃபோகல் லெங்த்தை 50இலேயே விட்டு, ஃபீல்ட் ஒஃப் வியூவை 27 ஆக்குங்கள். சென்சர் 24 மி.மீ.க்கு வந்துவிடும். இனி இரண்டையும் தொடவே வேண்டாம். வியூ ஆங்கிளை மாற்ற மாற்ற மங்கல் தானாகச் சரியான லென்ஸைப் பின்தொடரும், 0.28இல் 85, 0.471இல் 50. எஃப் நம்பரும் உண்மைக் கமெராவில் இருப்பதுபோலவே வேலை செய்யும். முகத்துக்கு 2.8, முழு உருவத்துக்கு 4, கட்டடத்துக்கு மங்கலே தேவையில்லை. கமெரா தெரிந்த ஒருவருக்கு இந்த ஒரு மாற்றத்தோடு முழுப் பலகையும் பழகிய பொருளாகிவிடும்.

ஃபோகஸ் விழும் இடம் நீங்கள் கடைசியாக ஆல்ட் கிளிக் செய்த இடம். காதணியில் கிளிக் செய்தால் கண் மங்கும். முகத்தில் ஒருமுறை கிளிக் செய்து, ஃபோகஸைப் பூட்டும் தெரிவைப் போட்டுவிட்டு, பிறகு சட்டத்தை ஒழுங்குபடுத்தலாம். தலைமயிரின் நுனிகள் ஒளி ஊடுருவும் மேற்பரப்புப் படங்களாக இருப்பதால் சில மயிர்களில் ஓரம் மட்டும் பிழையாக மங்கும், அல்லது மங்க வேண்டிய பின்னணி அந்த ஓரத்தில் கூராக நிற்கும். லென்ஸை எப்படி மாற்றினாலும் இது போகாது. எஃப் நம்பரைக் கூட்டி மங்கலைக் குறைப்பது, இல்லாவிட்டால் மயிரை மாற்றுவது.

கட்டடங்களுக்கு வருவோம். நல்லூர் வீதியில் நின்று கைப்பேசியில் கோபுரத்தை அண்ணாந்து எடுத்தவர்களுக்குத் தெரியும், கோபுரம் பின்னுக்குச் சாய்ந்து, மேல் ஒடுங்கி நிற்கும். மெய்நிகர் உலகிலும் அதே கதை, காரணமும் ஒன்றே: கமெரா மேல்நோக்கிச் சரிந்திருக்கிறது. வித்தியாசம் என்னவென்றால் இங்கே கமெராவுக்கு இறக்கை உண்டு. 25 மீற்றர் உயரக் கோபுரம் என்றால் கமெராவை 12, 13 மீற்றர் உயரத்துக்குத் தூக்கி, கிடையாக நேரே பார்க்க வையுங்கள். நிலைக்குத்துக் கோடுகள் நிமிர்ந்துவிடும். 1.047இல் இதற்குக் குறைந்தது 22 மீற்றர் பின்வாங்க வேண்டும், 0.471இல் 52 மீற்றர். இரண்டாவது படத்தில் தட்டுகள் ஒன்றன்மேல் ஒன்று ஒழுங்காக அடுக்கித் தெரியும். முதலாவதில் முன்னுக்கு நிற்கும் கீழ்த்தட்டு மற்றவற்றை விழுங்கிவிடும். யாழ்ப்பாணப் பொதுநூலகம் போன்ற அகலமான முகப்பைக் கட்டி வைத்திருப்பவர்களுக்கும் இதுவே வழி.

பின்வாங்குவதற்கும் விலை இருக்கிறது. ட்ரோ டிஸ்ரன்ஸ், அதாவது வியூவர் எவ்வளவு தூரம் வரை வரையும் என்ற எண், 64 மீற்றரில் இருந்தால் 52 மீற்றருக்கு அப்பால் கோபுரத்தின் முன்பக்கம் வரும், பின்னால் உள்ள மண்டபம் வராது. 128க்குக் கூட்டுங்கள். தூரம் கூடக் கூடப் புகார் படர்ந்து நிறம் வெளிறும், சூழல் அமைப்பில் ஹேஸ் அடர்த்தியைக் குறைத்தால் சரிவரும். மூன்றாவது சிக்கல்தான் மோசம்: பொருட்கள் கசங்குவது. செக்கண்ட் லைஃப் ஒரு பொருளை எவ்வளவு நுணுக்கமாக வரைவது என்று கமெராவின் தூரத்தை வைத்துத் தீர்மானிக்கிறது.  அதனால் 50 மீற்றரில் நின்று நெருக்கமாகப் பார்க்கும் தூண், பூச்சாடி, விளக்கு எல்லாம் முக்கோணத் துண்டுகளாக உடைந்து தெரியலாம். கிராஃபிக்ஸ் அமைப்பில் பொருட்களுக்கான எல்.ஓ.டி. (நுணுக்க அளவு) எண்ணைப் படம் எடுக்கும்போது மட்டும் 4க்கு ஏற்றுங்கள், முடிந்ததும் 2க்கு இறக்குங்கள். அப்படியும் கசங்குகிற பொருள் கட்டியவர் கஞ்சத்தனம் பிடித்த பொருள். அதற்குக் கிட்டப் போய் அகல லென்ஸில் எடுப்பதைத் தவிர வழியில்லை.

அறைக்குள் படம் எடுக்கும்போது எல்லாரும் கோணத்தை விரிக்கிறார்கள். 1.2க்கு மேல் போனால் மூலையில் உள்ள கதிரை வாங்கு மாதிரி நீளும், சிறிய அறை மண்டபமாகும். வீடு விற்கிற விளம்பரத்துக்கு அது உதவும், நல்ல படத்துக்கு உதவாது. ஃபயர்ஸ்ரோர்மில் இதைவிடச் சிறந்த வழி உண்டு. மறைக்கிற சுவரில் வலது கிளிக் செய்து, தற்காலிக டீரெண்டரைத் தெரிவு செய்தால் அந்தச் சுவர் உங்கள் திரையில் மட்டும் மறையும். கமெராவை வெளியே கொண்டுபோய் 0.66இல் எடுத்தால் அறை உள்ள அளவிலேயே தெரியும். ஒன்றைக் கவனிக்க வேண்டும்: மறைந்த சுவர் நிழலும் போடாது. அந்தப் பக்கம் சூரியன் இருந்தால் வெயில் நேரே உள்ளே கொட்டி, யன்னல் வெளிச்சம் எல்லாம் பொய்யாகும். சூரியனை எதிர்ப்பக்கம் திருப்பி வையுங்கள். வீடு முழுவதும் ஒரே பொருளாகக் கட்டப்பட்டிருந்தால் சுவரோடு வீடே மறைந்துவிடும். அங்கே இந்த வித்தை செல்லாது.

படத்தைச் சேமிக்கும்போது இரண்டு இடறல். கொன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ் அழுத்தினால் ஸ்னாப்ஷொட் பலகை வரும். வியூ ஆங்கிள் நிலைக்குத்துக் கோணம் என்பதால் நிமிர்ந்த படம் வேண்டுமென்றால் முதலிலேயே வியூவர் சன்னலை அந்த விகிதத்துக்குச் சுருக்கிவிட்டுச் சட்டம் கட்டுங்கள். அகலத்திரையில் ஒழுங்குபடுத்தி, பிறகு சேமிக்கும் இடத்தில் விகிதத்தை மாற்றினால் கை, தோள் எங்கே வெட்டுப்படும் என்று சொல்ல முடியாது. இரண்டாவது, திரையைவிடப் பெரிய அளவில் சேமித்தால் மங்கல் குறைந்து வரும். மங்கல் வட்டத்துக்கு ஓர் உச்ச எல்லை இருக்கிறது, பலகையில் அதன் பெயர் சி.ஓ.சி., தொடக்க எண் 10. அது பிக்சலில் எண்ணப்படுவது. படத்தின் உயரம் இரட்டித்தால் அந்த 10 பிக்சல் பாதி மங்கலாகத் தெரியும். இரட்டிப்பு அளவுக்கு 20 போட்டால் திரையில் கண்டது கிடைக்கும்.

யாழ்ப்பாணத்திலிருந்து இதைப் பாவிப்பவர்களுக்கு ஓர் ஆறுதல்: சேவையகங்கள் அமெரிக்காவில் இருந்தாலும் கமெரா உங்கள் கணினியிலேயே ஓடுகிறது. அவதார் நடக்கப் பிந்தினாலும் கமெராவும் லென்ஸும் பிந்தாது. இணையம் தேவைப்படுவது பொருட்களும் மேற்பரப்புப் படங்களும் இறங்குவதற்கு. நள்ளிரவுக்குப் பின் கூட டேற்றா தருகிற பொதி வைத்திருப்பவர்கள் அந்த நேரத்தில் இடத்துக்குப் போய் ஒரு சுற்று கமெராவைச் சுழற்றி விட்டால் எல்லாம் கணினியில் சேமிப்பாகிவிடும். பிறகு அதே இடத்தில் எடுக்கும்போது பெரும்பகுதி திரும்ப இறங்காது.

கணினிதான் பெரிய தடை. 2024இல் வந்த பி.பி.ஆர். (மேற்பரப்புகளில் ஒளி படுவதை இயல்பாகக் காட்டும் முறை) பதிப்பிலிருந்து மேம்பட்ட ஒளியமைப்பை நிறுத்த முடியாது. தனிக் கிராஃபிக்ஸ் அட்டை இல்லாத மடிக்கணினியில் நிழலும் மங்கலும் சேர்ந்தால் காட்சி நொண்டும். இங்கே ஒடுங்கிய லென்ஸ் இன்னொரு உதவி செய்கிறது: சட்டத்துக்குள் வருகிற பொருட்கள் குறைவதால் வேகம் கூடும். நிழலையும் மங்கலையும் நிறுத்திவிட்டு லென்ஸ், தூரம், நிலை எல்லாவற்றையும் சரிபார்த்து, கடைசி நிமிடத்தில் இரண்டையும் போட்டு, காட்சி தெளியும் வரை பொறுத்து எடுங்கள். படத்துக்காகவே ஒரு வியூவர் வேண்டுமென்றால் ப்ளாக் ட்ராகன் இருக்கிறது, ஆனால் பலவீனமான கணினிக்கு அதைப் பரிந்துரைக்க மனம் வராது.

இந்தப் பலகைக்குப் பத்துக்கு எட்டு கொடுக்கலாம். ஒரு புள்ளி போனது மி.மீ. எண் இல்லாததற்கு, மற்றது அந்த இரண்டு பெயர்களுக்கு. படம் முடிந்ததும் எஸ்கேப்பை அழுத்தினால் கமெரா அவதாரின் முதுகுக்குத் திரும்பும். லென்ஸைத் திருப்ப கொன்ட்ரோல் 9. அதை அழுத்தாமல் நடக்கத் தொடங்கினால் 85 மி.மீ. லென்ஸுக்குள்ளால் வாசலைத் தேட வேண்டிவரும்.